தலை போன கோழி ஏன் ஓடுகிறது?

மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் எடுப்பவன் நான். நடை, விறைப்பு, தண்டுவடம் பற்றி நம் மதுரைப் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

மேலூர், கோழிக்கடைக்காரர்: கழுத்தை அறுத்த பிறகும் கோழி கைநழுவி நாலு எட்டு ஓடிவிடுகிறது. உயிர் இருக்கிறதா, இல்லையா?

மூளை போய்விட்டது அண்ணே, தண்டுவடம் இன்னும் சாகவில்லை. காலை மாற்றி மாற்றி வைக்கும் தாளம் அங்கேதான் இருக்கிறது. 1911-ல் கிரஹாம் பிரவுன் என்ற உடலியங்கியல் ஆய்வாளர் பூனையின் தண்டுவடத்தைத் துண்டித்து, காலிலிருந்து வரும் உணர்வு நரம்புகளையும் வெட்டிவிட்டுப் பார்த்தார். அப்போதும் கால் தசைகள் நடைத் தாளத்தில் மாறி மாறி இழுத்தன. மூளை பெரும்பாலும் கிளப்பிவிடும், அடக்கிவைக்கும், அவ்வளவுதான். கழுத்தை அறுத்தால் அந்த அடக்கல் போய்விடுகிறது.

திருமங்கலம், பிளஸ் டூ மாணவி: தாளம் எப்படிப் பிறக்கிறது? புத்தகத்தில் சோடியம் உள்ளே, பொட்டாசியம் வெளியே என்பதோடு முடிந்துவிடுகிறது.

அது ஒரே ஒரு நரம்புத் துடிப்பின் கதை, 1952-ல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் கணவாயின் தடித்த நரம்பிழையை வைத்து எழுதியது. நரம்புச் சவ்வில் சோடியம் நுழையும் வாசலான சோடியத் தடம் திறந்து, ஓரிரு மில்லிசெகண்டில் தானே அடைத்துக்கொள்ளும். தண்டுவட நரம்பணுக்களில் கொஞ்சம் சோடிய ஓட்டம் அடைபடாமல் கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் கசிவுதான் அணுவை உசுப்புகிறது. துடிக்கத் துடிக்கக் கால்சியம் உள்ளே சேரும். சேர்ந்த கால்சியமே ஒரு வகைப் பொட்டாசியத் தடத்தைத் திறந்து அணுவை அமர்த்தும். கால்சியம் வடிந்ததும் கசிவு மறுபடி தலைதூக்கும். அப்புறம், இடப்பக்கம் வேலை செய்யும்போது வலப்பக்கம் சும்மா இருக்க வேண்டுமே? அதற்குக் கிளைசின் என்ற அடக்கும் வேதிப்பொருளை விடும் நரம்பணுக்கள் உண்டு. கிளைசின் குளோரைடு தடத்தைத் திறந்து எதிர்ப்பக்கத்தை அடக்கும். என்னைக் கேட்டால் நடையின் சூட்சுமமே இந்த அடக்கலில்தான்.

நத்தம்: எட்டிக்கொட்டை தின்ற ஆடு வில்லாக வளைந்து செத்தது. விஷம் எங்கே ஏறியது?

இப்போது சொன்ன கிளைசின் தடத்தில். எட்டியிலுள்ள ஸ்ட்ரைக்னின் அதை அடைத்துவிடும். மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒன்றாக இழுக்க, பலசாலியான முதுகுத் தசை ஜெயிக்கும். மனிதருக்கு இது நினைவு தப்பாமலே நடக்கும், அதுதான் கொடுமை. டெட்டனஸ் நச்சு கிளைசின் வெளிவருவதையே தடுக்கும், அதிலும் இதே வளைவுதான். விஷம் நீக்கிச் சுத்தி செய்தது என்று சொல்லி, வீட்டில் காய்ச்சிய எட்டியை யார் தந்தாலும் வாங்காதீர்கள்.

உசிலம்பட்டி: பைக் விபத்தில் அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே செயலில்லை. முதலில் துணியாகக் கிடந்த கால், சில மாதத்தில் போர்வை பட்டாலே வெட்டி இழுக்கிறது. குணமாகிறது என்கிறார் அம்மா.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள் தம்பி, இழுப்பு மட்டும் குணமாவதன் அறிகுறி ஆகாது. மூளைத்தண்டிலிருந்து இறங்கும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள்தான் தசையை இயக்கும் நரம்பணுக்களை விழிப்பாக வைத்திருந்தது. அது நின்றதும் கால் துவண்டது. நாளாக ஆக, செரட்டோனினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் அது இல்லாமலே வேலை செய்யத் தொடங்கிவிடும். கால்சியத் தடங்கள் திறந்தால் சட்டென மூடாது, அதனால் ஒரு தொடுகைக்குப் பல நொடி இழுப்பு. போதாததற்கு, அணுவுக்குள்ளிருந்து குளோரைடை வெளியேற்றும் பம்பும் குறைவதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். குளோரைடு உள்ளே தேங்கினால் அடக்கல் பலிக்காது. தசை இழுப்பைக் குறைக்கும் பேக்லோஃபென் மருந்தை டாக்டர் கொடுத்திருந்தால், தூக்கம் வருகிறது என்று திடீரென நிறுத்திவிடாதீர்கள். ஜுரம், வலிப்பு வரை போகும். அளவை அவரே மாற்றட்டும். திடீரென்று இழுப்பு கூடினால் சிறுநீர்த் தொற்று, படுக்கைப்புண், மலச்சிக்கல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கோரிப்பாளையம்: சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதும் கால் இருப்பதே தெரியவில்லை. எதை அடைத்தார்கள்?

சோடியத் தடத்தை, அக்கா. அது அடைபட்டால் நரம்பில் துடிப்பு ஓடாது. மருந்து ரத்தத்தில் கலந்து வெளியேறியதும் திறந்துகொள்ளும்.