7 மாத லாப்ரடோருக்குத் தோள்மூட்டில் ஓசிடி (மூட்டின் குருத்தெலும்பு உரியும் நோய்) என்கிறார்கள். கால்சியம் கொடுத்தால் சரியாகுமா, ஆபரேஷன் கட்டாயமா?

முதலில் கால்சியத்தை நிறுத்துங்கள். ஆபரேஷனைப் பற்றி அப்புறம் பேசலாம்.

ஓடிவிட்டு வந்தால் முன்னங்காலை நொண்டுகிறான், தூங்கி எழுந்தால் விறைப்பாக நடக்கிறான், 'எலும்புக்குப் பலம் இல்லை' என்று வீட்டில் முட்டை ஓட்டுப் பொடியும் கால்சியம் மாத்திரையும் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் இந்த இனத்துக்கு வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் அனுமதி இல்லை, அதனால் உங்களுடையது வீவக வீடாக இருக்காது. கொண்டோவோ (தனியார் அடுக்குமாடி) தரைவீடோ, உள்ளே வழுக்கும் டைல்ஸ் தரை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இந்த நோய்க்கும் எலும்பு பலவீனத்துக்கும் சம்பந்தமே இல்லை. வளரும் குட்டியின் எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்பு, அடிப்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எலும்பாக மாறிக்கொண்டு வர வேண்டும். வேகமாக வளரும் பெரிய இனங்களில் சில இடங்களில் அந்த வேலை தடைபடுகிறது. குருத்தெலும்பு தடித்துக்கொண்டே போகிறது, அடியில் இருக்கும் செல்களுக்கு ஊட்டம் எட்டாமல் அவை சாகின்றன. பிறகு சாதாரணமாக ஒரு குதி குதித்தாலே விரிசல் விழுந்து, சுவரில் பெயிண்ட் உரிவது போல ஒரு மடல் கிளம்பிவிடும். குருத்தெலும்பில் நரம்பு கிடையாது. விரிசல் வழியாக மூட்டுத் திரவம் அடியெலும்பைத் தொட்ட பிறகுதான் நாய் நொண்டத் தொடங்குகிறது. அதாவது உங்கள் கண்ணில் நொண்டல் படும்போது உள்ளே கதை ஏற்கெனவே கொஞ்சம் முற்றியிருக்கும்.

இப்போது கால்சியம். பெரிய இனக் குட்டிகளுக்கான உலர் தீனி என்றால் அதிலேயே கால்சியம் போதுமான அளவு இருக்கிறது. 25 கிலோ குட்டி நாளைக்கு 350 கிராம் சாப்பிடுகிறது, அதில் கால்சியம் 1.2 சதவீதம் என்று கொள்ளுங்கள்: 4.2 கிராம் உள்ளே போகிறது. ஒரு தேக்கரண்டி முட்டை ஓட்டுப் பொடியில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம். ஒரே ஒரு தேக்கரண்டியில் பாதி பங்கு கூடிவிட்டது. வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு மேல் வருவதை ஓரளவு தடுத்துவிடும். குட்டியின் குடலுக்கு, குறிப்பாக முதல் 6 மாதங்களில், அந்தத் திறமை இல்லை. கொடுக்கக் கொடுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். அதிகக் கால்சியம் குருத்தெலும்பு எலும்பாக மாறுவதை இன்னும் மந்தமாக்கும். நெதர்லாந்தின் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் கிரேட் டேன் குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் இது தெளிவாகவே தெரிந்தது.

'நாங்கள் ராகிக் கூழும் எலும்பு சூப்பும் கொடுத்துத்தான் வளர்த்தோம், ஒன்றும் ஆகவில்லை' என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: நல்லது, மகிழ்ச்சி. இந்த நோயில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு, கால்சியம் கொடுத்த எல்லாக் குட்டிக்கும் வராது. ஆனால் வந்துவிட்ட குட்டிக்கு மேலும் கொடுப்பது வேறு விஷயம். முழுக்க முழுக்கச் சோறும் கோழியும் மட்டும் சமைத்துக் கொடுப்பவர்கள் கதையும் வேறு. அங்கே கால்சியம் உண்மையிலேயே குறையும், அளவை வெட்டிடம் (கால்நடை மருத்துவரிடம்) கேட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

தீனி மூட்டையில் 'பெரிய இனக் குட்டி' என்று இருக்கிறதா பாருங்கள். கால்சியம் 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அளவையும் குறையுங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் துருத்தாமல், ஆனால் விரலால் லேசாகத் தடவினாலே தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். கொழுகொழு லாப்ரடோர் அழகுதான், அந்த மூட்டுக்கு அது பாரம்.

அடுத்து வெட்டிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: மடல் கிளம்பிவிட்டதா, இல்லையா? சிகிச்சை முழுவதும் இதைப் பொறுத்ததுதான். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் புய எலும்புத் தலையின் பின்பகுதி உருண்டையாக இல்லாமல் தட்டையாகவோ குழிந்தோ தெரியும். மடலில் சுண்ணாம்பு படியாவிட்டால் எக்ஸ்ரேயில் அது தெரியவே தெரியாது, அதனால் சந்தேகம் இருந்தால் சிடி ஸ்கேனோ, சிறு துளை வழியே கேமராவை மூட்டுக்குள் விட்டுப் பார்க்கும் ஆர்த்ராஸ்கோப்பியோ தேவைப்படும். நொண்டாத தோளையும் படம் எடுக்கச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் இருப்பது சாதாரணம். மயக்க ஊசி போட்டு எடுப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வலிக்கும் தோளை நீட்டிப் பிடித்தால்தான் சரியான படம் கிடைக்கும். அப்படியே முழங்கையையும் பார்த்துவிடுவது நல்லது. இதே வயதில் முழங்கை மூட்டுக் கோளாறும் வரும், நீண்ட எலும்புகளின் உள்ளே வரும் அழற்சியான பேனாஸ்டைட்டிஸும் வரும். நொண்டல் கால் மாறிமாறி வந்தால், எலும்பின் நடுப்பகுதியை அழுத்தும்போது கத்தினால், பேனாஸ்டைட்டிஸைச் சந்தேகிக்கலாம். அது பெரும்பாலும் தானே போய்விடும்.

மடல் கிளம்பவில்லை, புண் சின்னது, நொண்டல் லேசு என்றால் 6 முதல் 8 வாரம் ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம். இங்கேதான் நிறைய வீடுகளில் கெட்டுப்போகிறது. ஓய்வு என்றால் நடையைப் பாதியாகக் குறைப்பது அல்ல. சிறுநீர், மலம் கழிப்பதற்கு மட்டும், கயிற்றில், 5 முதல் 10 நிமிடம். பந்து வீசுவது, நாய்ப் பூங்கா, சோஃபாவில் ஏறி இறங்குவது, படிக்கட்டு எதுவும் கிடையாது. காரில் ஏற்ற இறக்கத் தூக்குங்கள். டைல்ஸ் தரையில் அவன் நடக்கும் வழியெல்லாம் ரப்பர் பாய் விரியுங்கள். சறுக்கி முன்னங்கால் விரிந்தால் விரிசல் மடலாகிவிடும். மற்ற நேரம் கூண்டிலோ சிறிய தடுப்புக்குள்ளோ இருக்கட்டும். துறுதுறுவென்று இருக்கும் குட்டிக்கு இது கொடுமைதான், அதனால் சாப்பாட்டை ரப்பர் பொம்மைக்குள் அடைத்து உறைய வைத்துக் கொடுங்கள், மோப்பம் பிடித்துத் தேட விடுங்கள். மூளை களைத்தாலும் தூக்கம் வரும்.

வலி மாத்திரையை வெட் எழுதிக்கொடுத்த அளவில், சாப்பாட்டோடு கொடுங்கள். வாந்தியோ கறுப்பு மலமோ கண்டால் நிறுத்திவிட்டு உடனே அழையுங்கள். மாத்திரை வேலை செய்தால் நொண்டல் நின்றுவிடும், 'குணமாகிவிட்டான்' என்று யாராவது ஓடவிடுவார்கள். வீட்டில் எல்லாரிடமும், பணிப்பெண்ணிடமும் சேர்த்து, இதைச் சொல்லிவையுங்கள். பெனடால், புரூஃபன் போன்ற மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் கொடுக்கவே கூடாது. கோடாலித் தைலமும் தடவாதீர்கள், நக்கிவிடுவான். அது விஷம்.

மடல் கிளம்பிவிட்டால், அல்லது ஓய்வுக்குப் பிறகும் நொண்டினால், ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த மடல் திரும்ப ஒட்டாது. கழன்று மூட்டுக்குள் சுற்றும், சில சமயம் பைசெப்ஸ் தசைநாரின் உறைக்குள் போய்ச் சிக்கி வேறுவித வலியைக் கொடுக்கும். ஆபரேஷனில் மடலை எடுத்து, ஓரங்களைச் சீராக வெட்டி, அடியெலும்பில் இரத்தம் கசியும்வரை சுரண்டுவார்கள் அல்லது நுண்ணிய துளை போடுவார்கள். அந்த இரத்தத்திலிருந்துதான் நார்க் குருத்தெலும்பு வளர்ந்து குழியை மூடும். தோளில் இதன் பலன் மிக நன்றாக இருக்கும். முழங்கையிலும் பின்னங்கால் மூட்டுகளிலும் அப்படிச் சொல்ல முடியாது, அங்கே பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் வரும். உங்கள் பையனுக்குத் தோளில் வந்திருக்கிறது என்பது உண்மையில் ஆறுதலான செய்தி.

திறந்து செய்த ஆபரேஷன் என்றால் தையலுக்கடியில் நீர் கோத்து வீங்குவது உண்டு. சீக்கிரம் ஆடவிட்டால்தான் பெரும்பாலும் அது வரும். கழுத்துக் கூம்பு 10 முதல் 14 நாள், கயிற்றில் குறுநடை 4 முதல் 6 வாரம். அதன் பிறகு நாய்களுக்கான நீச்சல் குளத்தில் மெதுவாகத் தொடங்கலாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. ஆயிரக்கணக்கான சிங்கப்பூர் வெள்ளி செலவு என்றதும் 'ஒரு நாய்க்கா? அந்தக் காசில் குடும்பத்தோடு ஊருக்குப் போய் வரலாமே' என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். பிறந்தநாள் விருந்துக்கு மண்டபம் எடுத்தால் யாரும் கணக்குக் கேட்பதில்லை. வீட்டில் ஓர் உயிர் வலியில் கிடக்கும்போது மட்டும் கணக்கு வந்துவிடுகிறது. கொண்டோ மின்தூக்கியில் பெரிய நாயைக் கண்டால் முகம் சுளித்துப் படிக்கு அனுப்புகிறவர்களும் அப்படித்தான். வெட்டிடம் 'படி ஏறக் கூடாது' என்று ஒரு கடிதம் வாங்கி நிர்வாகத்திடம் கொடுத்துவிடுங்கள், வாக்குவாதம் மிச்சம்.

செலவை எழுத்தில் கேளுங்கள்: ஒரு தோளா இரண்டா, மயக்க மருந்து, ஸ்கேன், தங்கல், மறுபரிசோதனை எல்லாம் தனித்தனியாக. காப்புறுதி இருந்தால் பரம்பரை நோய் விலக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் படியுங்கள். இவனை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். விற்றவரிடமும் தகவல் சொல்லுங்கள், அதே ஈற்றில் பிறந்த மற்றக் குட்டிகளும் இப்போது இதே வயதில்தான் இருக்கும்.