தமிழ்நாட்டில் எந்தச் சூதாட்டம் சட்டப்படி செல்லும், எது செல்லாது?

கேள்வி இது: "வீட்டில் நண்பர்களோடு காசு வைத்து ரம்மி, கிளப்பில் ரம்மி, கேரளா லாட்டரி, குதிரைப் பந்தயம், கிரிக்கெட் பெட்டிங், போனில் ரம்மி, கடைக்காரர் நடத்தும் குலுக்கல். தமிழ்நாட்டில் இவற்றில் எது சட்டப்படி சரி?"

ஆட்டத்தின் பெயரை மட்டும் வைத்துப் பதில் சொன்னால் தப்பாகிவிடும். அதே பதின்மூன்று சீட்டு ரம்மிக்கு வீட்டில் ஒரு நிலை, கிளப்பில் ஒரு நிலை, போனில் வேறொரு நிலை. எந்த ஆட்டமானாலும் முதலில் கேட்க வேண்டியது நான்கு: ஜெயிப்பது அதிர்ஷ்டத்தாலா, திறமையாலா? எந்த இடத்தில் ஆடுகிறார்கள்? ஆடாமலே அதில் லாபம் எடுக்கிறவர் யாராவது இருக்கிறாரா? ஆன்லைனா, நேரிலா?

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுவதற்குக் காரணம், அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் 34வது இனமாகப் பந்தயமும் சூதாட்டமும் இருப்பதுதான். அதனால்தான் கோவாவில் கேசினோ நடக்கிறது, இங்கே அதற்கு இடமே இல்லை. ஆனால் அரசு நடத்தும் லாட்டரி மட்டும் மத்தியப் பட்டியலில், 40வது இனம். இந்தப் பிரிவினை தெரியாமல்தான் "கேரளாவில் செல்லும் என்றால் இங்கேயும் செல்லும்தானே" என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் நேரில் ஆடும் ஆட்டங்களுக்கு இரண்டு பழைய சட்டங்கள். சென்னை மாதிரி கமிஷனர் அலுவலகம் உள்ள மாநகரங்களில் 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம். மற்ற ஊர்களில் 1930ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம். இரண்டுமே முக்கியமாகக் குறிவைப்பது சூதாட்ட விடுதியை. அதாவது ஓர் இடத்தை வைத்திருப்பவர், அங்கே நடக்கும் ஆட்டத்தில் தன் லாபத்துக்காக ஏதாவது எடுத்தால் அந்த இடம் சூதாட்ட விடுதி. வாடகை, கமிஷன், சீட்டுக்கட்டுக்குக் கட்டணம், ஆட்டத்துக்கு இவ்வளவு என்று எடுப்பது, எந்தப் பெயரில் எடுத்தாலும் லாபம் லாபம்தான். அங்கே ஆடுவதும் குற்றம், ஆட வந்து உட்கார்ந்திருப்பதும் குற்றம்.

இதை வைத்து வீட்டு ஆட்டத்தைப் பாருங்கள். நான்கு பேர் சேர்ந்து, வீட்டுக்காரர் எதுவும் எடுக்காமல், சின்னத் தொகை வைத்து ரம்மி ஆடினால் அந்த வீடு சூதாட்ட விடுதி ஆகாது. அதே வீட்டில் வீட்டுக்காரர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்க ஆரம்பித்த நிமிஷத்தில் கதை மாறிவிடும். முறையான வாரண்டோடு சோதனை நடந்து, சீட்டுக்கட்டோ பகடையோ கிடைத்தால், அது சூதாட்ட விடுதி என்றும் அங்கே இருந்தவர்கள் ஆட வந்தவர்கள் என்றும் சட்டமே முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது உங்கள் வேலை. தெரு, பூங்கா, பஸ் நிலையம் போன்ற பொது இடத்தில் ஆடுவது தனிக் குற்றம். அங்கே யாரும் லாபம் எடுத்தார்களா என்ற கேள்வியே வராது. "மரத்தடியில் சும்மா ஆடினோம்" என்பவர்கள் மாட்டுவது இதில்தான்.

அடுத்து, திறமை. 1930 சட்டத்தின் 11வது பிரிவு, திறமை ஆட்டங்களுக்குச் சூதாட்ட விடுதிப் பிரிவுகள் பொருந்தாது என்கிறது. ரம்மி அதில் வருமா? செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. 1968 தீர்ப்புத் தொகுப்புகளில் ஆந்திரப் பிரதேச அரசு எதிர் சத்தியநாராயணா என்ற பெயரில் இருக்கிறது. விழுந்த சீட்டை ஞாபகம் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டும், ஆகவே ரம்மியில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்றது நீதிமன்றம். மூணு சீட்டை அப்படிச் சொல்லவில்லை. அது முழுக்க அதிர்ஷ்டம். மங்காத்தா, படம் போட்ட பகடைகளை உருட்டும் லங்கர் கட்டை, தாயக்கட்டையில் பந்தயம், எல்லாம் அந்தப் பக்கம்தான். திருவிழாக் கூட்டத்தில் லங்கர் கட்டை உருட்டினால் அதிர்ஷ்டம், பொது இடம், நடத்துகிறவருக்கு லாபம் என மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். தப்பிக்க வழியே இல்லை.

கிளப் நடத்துகிறவர்கள் இந்தத் தீர்ப்பின் முதல் பாதியை மட்டும் ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிவைப்பார்கள். இரண்டாம் பாதி முக்கியம்: பணம் வைத்து ஆடும் ரம்மியில் இடத்துக்காரரோ கிளப்போ லாபம் எடுப்பதாக ஆதாரம் இருந்தால் குற்றம் நிலைநிற்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. உறுப்பினர்களிடம் சீட்டுக்கட்டுக்கும் உட்காரும் வசதிக்கும் நியாயமான கட்டணம் வாங்குவது வேறு. மேஜையில் புரளும் பணத்துக்கு ஏற்பக் கட்டணம் ஏறுவது வேறு. நீங்கள் சேரும் கிளப்பில் கட்டணம் எப்படி வாங்குகிறார்கள், அதற்கு ரசீது உண்டா, உறுப்பினர் அல்லாதவரையும் உட்கார வைக்கிறார்களா என்று பாருங்கள். உறுப்பினர் பதிவேடு இல்லாத "மனமகிழ் மன்றம்" பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

குதிரைப் பந்தயம் தனி. 1974இல் தமிழ்நாடு அதை ஒழிக்கச் சட்டம் போட்டது. 1996இல் டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, அதில் பணம் கட்டுவது சூதாட்டம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் சட்டம் விட்டுவைத்த விலக்கு மிகக் குறுகலானது. பந்தயம் ஓடும் அதே நாளில், மைதான வளாகத்துக்குள், அரசு அனுமதியோடு ஒதுக்கிய இடத்தில் கட்டினால்தான் அது செல்லும். டீக்கடையில் உட்கார்ந்து சீட்டில் எழுதி வாங்கும் புக்கிக்கும், போனில் "கட்டிவிடுங்கள் அண்ணே" என்று சொல்வதற்கும் இந்த விலக்கு கிடையாது. 2024இல் ஊட்டி, கிண்டி பந்தய மைதான நிலங்களை அரசு திரும்ப எடுக்க நடவடிக்கை எடுத்து, அது நீதிமன்றம் வரை போனதும் தெரிந்திருக்கும். ஆகவே "சட்டப்படி சரி" என்பதற்கும் "இங்கே நடக்கிறது" என்பதற்கும் இடையே இப்போது இடைவெளி இருக்கிறது.

கிரிக்கெட் பெட்டிங்குக்கு எந்த விலக்கும் இல்லை. ஆடுகிறவனுக்குத்தான் திறமை, பந்தயம் கட்டுகிறவனுக்கு அல்ல. கும்பலாகச் சேர்ந்து பெட்டிங் நடத்தினால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 112வது பிரிவும் பாயலாம். அதில் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஏழாண்டு சிறை. நண்பர்களுக்குப் பணம் வசூலித்துக் கொடுக்கிறேன் என்று நடுவில் நிற்கும் பையன்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். புக்கி கிடைக்காவிட்டாலும், பணம் வந்துபோன கணக்கின் சொந்தக்காரர் கிடைப்பார்.

இனி லாட்டரி. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று 1968இல் அண்ணா காலத்தில் தொடங்கிய தமிழ்நாடு பரிசுச்சீட்டு, 2003 ஜனவரியில் மற்ற எல்லா லாட்டரிகளோடும் சேர்த்துத் தடைசெய்யப்பட்டது. 1998ஆம் ஆண்டின் மத்திய லாட்டரிச் சட்டம் 5வது பிரிவில், வேறு மாநில லாட்டரியைத் தன் எல்லைக்குள் விற்கக் கூடாது என்று ஒரு மாநிலம் தடுக்கலாம் என்கிறது. தானே லாட்டரி நடத்திக்கொண்டு பிறருடையதை மட்டும் தடுக்க முடியாது என்பதும் 1999இலேயே தீர்ந்த விஷயம். தமிழ்நாடு தன்னுடையதையும் மூடிவிட்டதால் இங்கே தடை உறுதியாக நிற்கிறது.

கேரளாவுக்குப் போய், அங்கே உள்ள ஏஜெண்டிடம் காகிதச் சீட்டு வாங்குவது தப்பில்லை. பரிசு விழுந்தால் வெளிமாநிலத்தவரும் வாங்கலாம். ஆனால் தமிழ்நாட்டுக்குள் அதை விற்பது குற்றம். கேரள அரசு ஆன்லைனில் சீட்டு விற்பதே இல்லை, ஆகவே வாட்ஸ்அப்பில் சீட்டின் படத்தை அனுப்பிப் பணம் கேட்கிறவர் உங்களை ஏமாற்றுகிறார். குலுக்கல் நடந்த 30 நாளுக்குள் அசல் சீட்டைக் கொடுக்க வேண்டும். பின்பக்கம் உங்கள் பெயரும் கையெழுத்தும் வாங்கிய உடனே போட்டுவிடுங்கள், காணாமல் போனால் வேறு ஆதாரம் கிடையாது. வெளிமாநிலத்தவர் நோட்டரி சான்றளித்த ஆவணங்கள் கொடுக்க வேண்டியிருக்கும். சீட்டு எங்கே வாங்கியது என்ற கேள்வி வெறும் சம்பிரதாயம் அல்ல: கேரள லாட்டரியின் 2023 ஓணம் பம்பர் குலுக்கலில் 25 கோடி ரூபாய் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களுக்கு விழுந்தபோது, சீட்டு தமிழ்நாட்டில் கள்ளத்தனமாக விற்றது என்று புகார் போனது. கேரளா போனதற்கு ஆதாரமாகப் பஸ் டிக்கெட்டோ பெட்ரோல் பில்லோ பத்திரமாக இருக்கட்டும். பரிசில் ஏஜெண்ட் கமிஷன் போக, வருமான வரி 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீதம் செஸ். தொகை 50 லட்சத்தைத் தாண்டினால் சர்சார்ஜும் உண்டு. வேறு வருமானமே இல்லாதவருக்கும் இந்த வரியில் அடிப்படை விலக்கு கிடையாது.

மூணு நம்பர் லாட்டரி, ஒத்த நம்பர், காட்டன் என்று ஓடுகிறதே, அதற்கும் கேரள அரசுக்கும் சம்பந்தமே இல்லை. குலுக்கலில் வரும் கடைசி எண்களை வைத்து உள்ளூரில் நடத்தும் பந்தயம் அது. துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள், சில இடங்களில் அதுகூட இல்லை. ஒற்றை இலக்கத்தை வைத்துப் பரிசு கொடுப்பதை அரசு லாட்டரிக்கே மத்தியச் சட்டம் அனுமதிப்பதில்லை. தினக்கூலி வாங்கி வருகிறவர்களின் பணம் அதிகம் கரைவது இங்கேதான். எண் விழுந்தாலும் பணம் தராவிட்டால் எங்கேயும் போய்க் கேட்க முடியாது.

கடைக்காரர் குலுக்கலைப் பலர் சூதாட்டமாகவே நினைப்பதில்லை. "இவ்வளவுக்கு வாங்கினால் கூப்பன், குலுக்கலில் கார்" என்ற விளம்பரங்களின் அடியில் "தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்குப் பொருந்தாது" என்று சின்ன எழுத்தில் பார்த்திருப்பீர்கள். காரணம் 1979ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம். கடை வைத்திருப்பவர்கள் தீபாவளிக்குக் குலுக்கல் போடும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்குகிற எல்லோருக்கும் ஒரே தள்ளுபடி கொடுப்பது இந்தத் தொல்லை இல்லாத வழி. ஏலச்சீட்டும் குலுக்கல் சீட்டும் 1982 சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவாகியிருந்தால் சூதாட்டம் அல்ல. அங்கே குலுக்கல் முடிவு செய்வது யாருக்கு முதலில் பணம் என்பதை மட்டும்தான், எல்லோருக்கும் முறை வரும். குலுக்கலில் பெயர் வந்தவர் மீதித் தவணை கட்ட வேண்டாம் என்று சொல்லும் சீட்டில் சேராதீர்கள். அது 1978இலேயே தடைசெய்த பரிசுச்சீட்டு வகை.

கடைசியாக ஆன்லைன். இதில்தான் பழைய பதில்கள் இணையத்தில் நிறையச் சுற்றுகின்றன. தமிழ்நாடு 2021இல் கொண்டுவந்த தடையை உயர் நீதிமன்றம் அந்த ஆகஸ்டிலேயே ரத்து செய்தது. பிறகு நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கையை ஒட்டி வந்த சட்டம் 2023 ஏப்ரலில் அமலானது. அதன்படி ஆன்லைன் சூதாட்டம் ஆடுகிறவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். நடத்துகிறவருக்கு மூன்றாண்டு வரை, 10 லட்சம் வரை. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தி, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாகச் சேர்த்த பட்டியலை மட்டும் நீக்கியது. 2025இல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடத் தடை, ஆதார் சரிபார்ப்பு என்று மாநில ஆன்லைன் விளையாட்டு ஆணையத்தின் விதிமுறைகள் வந்தன; அந்த ஜூனில் நீதிமன்றம் அவற்றையும் ஏற்றது. "ஆன்லைன் ரம்மி தமிழ்நாட்டில் சட்டப்படி சரி" என்ற கட்டுரைகள் எல்லாம் இந்த இடத்தோடு நின்றுவிட்டவை.

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்திய ஆன்லைன் கேமிங் சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பிரிவையே பார்ப்பதில்லை. பணம் கட்டி, பணம் கிடைக்கும் என்று எதிர்பார்த்து ஆடும் எந்த ஆன்லைன் ஆட்டமும் தடைக்குள் வருகிறது. நடத்தினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டாண்டு, 50 லட்சம் வரை. இந்த மத்தியச் சட்டத்தில் வெறுமனே ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை, ஆனால் மேலே சொன்ன மாநிலச் சட்டத்தில் உண்டு. பெரிய இந்திய நிறுவனங்கள் அந்த வாரமே பண ஆட்டங்களை நிறுத்திவிட்டன. இ-ஸ்போர்ட்ஸ் என்ற வீடியோ கேம் போட்டிகளுக்கும், பணப் பரிசு இல்லாத விளையாட்டுகளுக்கும் தடை இல்லை. சட்டம் நிறைவேறும் நாள் வேறு, அரசிதழில் அறிவித்து அமலாகும் நாள் வேறு. உங்கள் வழக்குக்குத் தேதி முக்கியம் என்றால் வழக்கறிஞரிடம் அரசிதழ் அறிவிப்பையே கேட்டு வாங்குங்கள்.

இன்னமும் பண ரம்மி, பெட்டிங் என்று அழைக்கும் ஆப்களும் டெலிகிராம் குழுக்களும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து இயங்குபவை. நீங்கள் கட்டும் பணம் வாடகைக்கு எடுத்த யாரோ ஒருவரின் வங்கிக் கணக்குக்குப் போகும். ஜெயித்த பணமும் அப்படிப்பட்ட கணக்கிலிருந்தே வரும். அந்தக் கணக்கின் மேல் வேறொரு மாநிலத்தில் மோசடிப் புகார் இருந்தால் உங்கள் கணக்கும் முடங்கும், சம்பளம்கூட எடுக்க முடியாது. அப்படி ஆனால் எந்தக் காவல் நிலையம், என்ன புகார் எண், எவ்வளவு தொகை முடக்கம் என்பதை வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் முடக்கி மீதியை விடுவிக்கக் கேட்டு அந்த நிலையத்துக்கு எழுதுங்கள். நீங்களே ஏமாந்திருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அந்த அளவுக்குப் பணம் வழியிலேயே நிற்க வாய்ப்பு அதிகம்.

தோற்ற பணத்துக்காக மிரட்டுகிறார்கள் என்றால், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 30வது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்ததை வசூலிக்க வழக்குப் போட முடியாது. ஆனால் புரோநோட்டில் கைமாற்றுக் கடன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால், உண்மையிலேயே பணம் கொடுத்துத்தான் எழுதி வாங்கினார்கள் என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். சூதில் வந்தது என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். வெற்றுப் பத்திரத்திலும் தேதி போடாத காசோலையிலும் எவ்வளவு நெருக்கினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால், மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, அவர்கள் நோட்டீஸ் அனுப்பும் வரை காத்திராமல் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ரசீதை வாங்கி வையுங்கள்.