வாசகர் கேள்விகள்: எந்த நாட்டில் வாழ்வது நல்லது?

கேள்வி: எனக்கும் கணவருக்கும் இரண்டு நாடுகளிலிருந்து வேலை வந்திருக்கிறது. எதற்குப் போவது என்று ஒரு மாதமாக வீட்டில் இதே பேச்சுதான். அவர் ஒரு தரவரிசையைக் காட்டுகிறார், நான் இன்னொன்றைக் காட்டுகிறேன். ஒன்றில் மேலே இருக்கும் நாடு மற்றதில் கீழே கிடக்கிறது. எதை நம்புவது, அம்மா?

பதில்: அந்தப் பட்டியல் யாருக்காகத் தயாரானது என்று முதலில் பாருங்கள். ‘வாழத் தகுந்த நகரங்கள்’ என்று ஆண்டுதோறும் செய்தியில் அடிபடும் பட்டியல்கள், வெளிநாட்டுக்கு ஊழியர்களை அனுப்பும் நிறுவனங்களுக்குப் பெரிதும் பயன்படுபவை. சிரமமான ஊருக்குப் போகிறவருக்குக் கூடுதல் படி எவ்வளவு தரலாம் என்று கணக்குப் போட அவை உதவும். வியன்னா பலமுறை முதலிடம் பிடித்த எகனாமிஸ்ட் குழுமத்தின் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். அமைதி, மருத்துவம், பண்பாடும் சுற்றுச்சூழலும், கல்வி, அடிப்படை வசதி என்று அதில் ஐந்து தலைப்புகள். விலைவாசி அதில் சேராது. வாடகையை நினைத்துக் கவலைப்படும் குடும்பத்துக்கு அது பாதி விடைதான்.

நாடுகளுக்கு என்று பார்த்தால், 1990-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் வெளியிடத் தொடங்கிய மனித மேம்பாட்டுக் குறியீடு இருக்கிறது. பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று கொண்டுவந்தது. கூடவே உழைத்த அமர்த்தியா சென்னுக்கு, மனித வாழ்க்கையை ஒற்றை எண்ணில் அடைப்பதில் ஆரம்பத்தில் உடன்பாடே இல்லை. நாட்டு வருமானம் என்ற ஒற்றை எண்ணோடு மோத இன்னொரு ஒற்றை எண்தான் வேண்டும் என்று ஹக் விடாமல் வாதாடினார். எனக்கு ஹக் சொன்னதுதான் சரியென்று படுகிறது. ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றும் அதில் உண்டு. ஆயுளுக்கு 20 வயது என்றால் பூஜ்யம், 85 என்றால் முழு மதிப்பெண். வருமானத்துக்கு ஆண்டுக்கு 75,000 டாலர் உச்சவரம்பு, அதைத் தாண்டினால் ஒரு புள்ளிகூட ஏறாது. ஏழை நாட்டில் கூடும் ஆயிரம் டாலருக்கு அதிக மதிப்பு, பணக்கார நாட்டில் கூடும் ஆயிரத்துக்குக் குறைந்த மதிப்பு. இப்படி ஒரு நியாயத்தைக் கணக்குக்குள்ளேயே வைத்ததற்காக இந்தக் குறியீட்டை மதிக்கிறேன்.

ஆனால் எந்தக் குறியீடும் வேறு யாரோ போட்ட எடைதான். பணக்கார நாடுகள் பல உறுப்பினராக இருக்கும் ஓ.இ.சி.டி. அமைப்பு இதை உணர்ந்து 2011-இல் ஒரு நல்ல காரியம் செய்தது. வீடு, வருமானம், வேலை, சுற்றம், கல்வி, சுற்றுச்சூழல், குடிமை ஈடுபாடு, உடல்நலம், மனநிறைவு, பாதுகாப்பு, வேலைக்கும் வீட்டுக்கும் இடையே கிடைக்கும் நேரம் என்று 11 தலைப்புகளைத் தந்து, எதற்கு எவ்வளவு எடை என்பதை நம்மிடமே விட்டது. இந்த 11-ஐயும் இரண்டு தாளில் எழுதுங்கள். நீங்கள் ஒன்றில், கணவர் ஒன்றில், தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள். அப்புறம் சேர்த்து வைத்துப் பாருங்கள். எங்கே உங்களுக்குள் ஒத்துப்போகவில்லையோ, அங்கேதான் பேச வேண்டியிருக்கிறது.

என் தாளில் உடல்நலத்துக்குத்தான் முதல் எடை. காரணம் ஓர் இரவு. வேலைக்காக வெளிநாட்டில் இருந்தபோது, இரவு 2 மணிக்கு மகளுக்குக் காய்ச்சல் ஏறி உடம்பு தூக்கிப்போட்டது. அவளைத் தூக்குவதற்கு முன் நான் செய்தது, அலமாரியைக் கலைத்துக் காப்பீட்டு அட்டையைத் தேடியது. அட்டை கிடைத்தது, குழந்தையும் பிழைத்தாள். ஆனால் அந்த நாலைந்து நிமிடம் இன்றைக்கும் உறுத்துகிறது. பிறகு வேறொரு நாட்டில் அதேபோல் ஓர் இரவு வந்தது. அங்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக ஓடினேன், யாரும் அட்டை கேட்கவில்லை. முதல் நாட்டில்தான் எனக்குச் சம்பளம் அதிகம்.

கேள்வி: இப்போது வாங்குவதைப்போல மூன்று மடங்கு சம்பளம் தருகிறார்கள். கிளம்பிவிடலாமா?

பதில்: நாணய மாற்று விகிதத்தில் பெருக்கிப் பார்த்திருப்பீர்கள். அது போதாது. முடிதிருத்துபவர் எந்த நாட்டிலும் ஒரு தலைக்கு ஏறக்குறைய அதே நேரம்தான் எடுப்பார். ஆனாலும் பணக்கார நாட்டில் அதே வேலைக்குப் பல மடங்கு கூலி, ஏனென்றால் அங்கே எல்லோருடைய கூலியும் உயர்ந்திருக்கிறது. வாடகையும் குழந்தைக் காப்பகமும் அப்படித்தான். ஒரே பணத்துக்கு எந்த நாட்டில் எவ்வளவு வாங்கலாம் என்று பார்க்கும் ‘வாங்கும் திறன் சமநிலை’ என்ற கணக்கு பொருளாதாரத்தில் இருப்பது இதற்காகத்தான். வீட்டிலேயே போடக்கூடிய கணக்கு ஒன்று சொல்கிறேன். வரி போகக் கைக்கு வரும் பணத்தில், ஒரு மாத வாடகைக்கு எத்தனை நாள் உழைக்க வேண்டும் என்று இரண்டு நாட்டுக்கும் எழுதிப் பாருங்கள்.

விடுமுறையையும் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஆண்டுக்குக் குறைந்தது 4 வாரம் சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படி உண்டு. அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டத்தில் தனியார் ஊழியர்களுக்கு அப்படி ஒரு நாள்கூடக் கட்டாயமில்லை, முதலாளி தருவதுதான்.

கேள்வி: ஒரு நாட்டில் சராசரி ஆயுள் 45 என்றால், அங்கே கிழவர்களே இருக்க மாட்டார்களா?

பதில்: இருப்பார்கள். பெரும்பாலும் பச்சிளங்குழந்தைகளின் மரணம்தான் அந்தச் சராசரியை அப்படி இழுக்கும். அதனால் ஆயுளைப் பார்த்த கையோடு சிசு மரண விகிதத்தையும் பாருங்கள்.

கேள்வி: பின்லாந்து மக்கள் அதிகம் பேசவே மாட்டார்கள் என்கிறார்கள். அவர்கள் எப்படி மகிழ்ச்சியில் முதலிடம்?

பதில்: உலக மகிழ்ச்சி அறிக்கை என்ற ஆண்டுப் பட்டியலில் 2018 முதல் 2025 வரை தொடர்ந்து அவர்கள்தான் முதலிடம். ஆனால் அந்த வரிசையை முடிவு செய்யும் கேள்வியில் ‘மகிழ்ச்சி’ என்ற சொல்லே இல்லை. ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள், அடியில் 0, உச்சியில் 10. உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை உச்சியில், மிக மோசமானது அடியில். இப்போது நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? இவ்வளவுதான் கேட்கிறார்கள். சிரித்த முகத்தை அது அளக்கவில்லை, விழுந்தால் யாராவது பிடிப்பார்கள் என்ற தைரியம் அதில் தெரிகிறது என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி: பணம் குறைந்த நாடு பணக்கார நாட்டை வாழ்க்கைத் தரத்தில் முந்தியது உண்டா?

பதில்: மத்திய அமெரிக்காவில் உள்ள சின்ன நாடான கோஸ்டாரிகாவைப் பாருங்கள். விலைவாசியைச் சரிசெய்து கணக்கிட்டாலும் அதன் தலைக்கு வருமானம் அமெரிக்காவின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான். ஆனால் சராசரி ஆயுளில் அமெரிக்காவை முந்திவிட்டது. 1948-இல் ராணுவத்தையே கலைத்த நாடு அது. 1990-களின் நடுவில் நாட்டைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மருத்துவர், ஒரு செவிலிய உதவியாளர், வீடு வீடாகப் போக ஒரு சுகாதாரப் பணியாளர் என்று குழு அமைத்தார்கள். அந்தப் பணியாளர் நோய் வரும்வரை காத்திருப்பதில்லை. கதவைத் தட்டி, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா, பெரியவருக்கு ரத்த அழுத்தம் எப்படி, குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்துக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்.