ரோபோ அறுவைக்காக அப்பாவின் சேமநிதியைக் கரைக்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் தோட்டத்தில் செம்பனை லோரி ஓட்டி ஓய்வு பெற்ற என் தந்தைக்கு வயது 61. புற்றுநோய் சிறுநீர்ப்பையின் தசைவரை இறங்கிவிட்டதால் பையையே அகற்ற வேண்டும் என்கிறார்கள். மருத்துவ அட்டை (மருத்துவக் காப்புறுதி) கிடையாது. தனியார் மருத்துவமனையில் ரோபோ அறுவைக்கு, வயிற்றைத் திறந்து செய்யும் வழக்கமான அறுவையைவிட 28,000 ரிங்கிட் கூடுதல். அவருடைய ஈ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) சேமிப்பு 64,000 ரிங்கிட்டையும் எடுத்து, குறைவதற்குக் கூட்டுப் பணத்தை (பலர் மாதாமாதம் கட்டி, முறைவைத்து ஒருவர் மொத்தமாக எடுக்கும் சீட்டு) முதல் ஆளாகக் கேட்டு வாங்கலாமென நினைக்கிறேன். சரிதானா?

பதில்: எந்த முறை உங்கள் தந்தைக்கு ஏற்றது என்பதை அறுவை மருத்துவரே சொல்ல வேண்டும், அந்த 28,000 ரிங்கிட்டுக்கு என்ன கிடைக்கும் என்பதை மட்டும் நான் கணக்குப் பார்க்கிறேன்.

அமெரிக்காவில் 15 மையங்களில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ரேஸர் ஆய்வில், இரண்டு ஆண்டுகள் நோய் முற்றாமல் இருந்தவர்கள் ரோபோ முறையில் 72.3 விழுக்காடு, திறந்த முறையில் 71.6 விழுக்காடு; அதாவது, நோயைக் கட்டுப்படுத்துவதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு தெரிவது உடல் தேறுவதில்தான். பிரிட்டனில் நடந்து 2022-இல் வெளியான ஐராக் ஆய்வில், அறுவைக்குப் பிந்தைய 90 நாள்களில் மருத்துவமனைக்கு வெளியே கழித்த நாள்கள் ரோபோ முறையில் 82, திறந்த முறையில் 80. இரத்தக்கட்டு தொடர்பான சிக்கல் ரோபோ முறையில் 1.9 விழுக்காடு, திறந்த முறையில் 8.3 விழுக்காடு; காயச் சிக்கல் ரோபோ முறையில் 5.6, திறந்த முறையில் 17.3 விழுக்காடு. ஆகவே இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவருக்கோ முன்பு இரத்தக்கட்டு வந்தவருக்கோ இந்த வேறுபாட்டின் பொருள் என்னவென்று மருத்துவரிடம் கேட்பது முறை. கூடவே, இதே அறுவையை அவர் ஆண்டுக்கு எத்தனை செய்கிறார் என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். ரோபோ தானாக அறுப்பதில்லை, அதன் கைகளை இயக்குபவர் அவர்தான்.

கூடுதல் தொகையைப் பற்றி யோசிப்பதற்கு முன், தனியாருக்குத்தான் போக வேண்டுமா என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். திசுப் பரிசோதனை அறிக்கையையும் ஸ்கேன் படங்களையும் எடுத்துக்கொண்டு, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் சிறுநீரியல் பிரிவுக்கு இந்த வாரமே செல்லுங்கள். அரசு மருத்துவமனையின் மூன்றாம் வகுப்பு வார்டில் குடிமக்களுக்கு நாளொன்றுக்கு 3 ரிங்கிட்தான். சிகிச்சைக்கும் பெரும் மானியம் உண்டு. அங்கே நீங்கள் எழுதி வாங்க வேண்டியது அறுவைக்கான தேதி. அறுவைக்கு முன் கீமோதெரபி கொடுப்பதாக இருந்தால் கணக்கு வேறு. இல்லையென்றால், நோய் உறுதியானபின் மூன்று மாதங்களுக்கு மேல் தள்ளிப்போவது நல்லதல்ல என்பதால், தேதி அதற்கு அப்பால் விழுந்தால் மட்டும் தனியாரை யோசிக்கலாம். அப்போதும் திறந்த அறுவையின் விலையிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள்.

பணம் திரட்ட வேண்டி வந்தால், முதலில் உங்கள் சொந்த ஈ.பி.எஃப். சேமிப்பின் ஒரு பகுதியான செஜாத்ரா கணக்கைப் பாருங்கள். பெற்றோரின் கடுமையான நோய்க்கான சிகிச்சைக்கு அதிலிருந்து எடுக்க விதி இடம் தருகிறது. நீங்கள் வருமான வரி செலுத்துபவராக இருந்தால், பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 8,000 ரிங்கிட் வரை கழிவு கோரலாம், ரசீதுகளைத் தொலைக்காதீர்கள். கூட்டுப் பணம் வேண்டவே வேண்டாம். தோட்டத்தில் தலைமுறைகளாக நடப்பதுதான், நானும் அறிவேன். ஆனால் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. முதல் ஆளாக வாங்குபவர், வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு கடைசி மாதம் வரை கட்டியாக வேண்டும்.

தந்தையின் 64,000 ரிங்கிட்டுக்கு வேறு வேலை இருக்கிறது. சிறுநீர்ப்பையை அகற்றியபின் பெரும்பாலோருக்குச் சிறுகுடலின் ஒரு துண்டைக் கொண்டு வயிற்றில் துளை அமைத்து, சிறுநீர் வெளியே ஒட்டிய பையில் சேரும்படி செய்வார்கள். ரோபோவாயினும் திறந்த முறையாயினும் இது மாறாது. அந்தப் பைகளைச் சில நாள்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும் மாற்ற வேண்டும். ஈப்போவுக்குப் போய்வரும் செலவும், முதல் மாதங்களில் வீட்டில் ஒருவர் வேலைக்குப் போகாமல் இருப்பதால் குறையும் சம்பளமும் இதனுடன் சேரும். அறுபதைக் கடந்தவர் என்பதால் அவர் எப்போது வேண்டுமானாலும் தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக எடுக்கலாம். எடுக்காமல் விட்ட தொகைக்கு அவருடைய 100 வயதுவரை இலாப ஈவு சேர்ந்துகொண்டே இருக்கும்.