கேள்வி – பதில்: ஸ்டில்பீன் படிகத்தில் 662 ஏன் வரவில்லை?

கேள்வி: கதிர் பட்டால் ஒளிரும் புது ஸ்டில்பீன் படிகத்தை, அந்த ஒளியை மின் துடிப்பாக்கும் ஒளிப்பெருக்கிக் குழாயில் பொருத்தி, சீசியம்-137 என்ற காமா கதிர்மூலத்தை வைத்துப் பார்த்தோம். அதன் காமா கதிரின் ஆற்றலான 662 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் (கி.எ.வோ.) உச்சமே இல்லை. ஒரு மேடு எழுந்து சரிகிறது. படிகம் பழுதா?

பதில்: இதை வைத்துப் பழுது என்று சொல்ல முடியாது. ஸ்டில்பீனில் இருப்பது கார்பனும் ஹைட்ரஜனும்தான். அணு எண் இவ்வளவு குறைந்த பொருளில் காமா கதிர் தன் முழு ஆற்றலையும் விட்டுச்செல்வது மிக அரிது. ஓர் எலெக்ட்ரானைத் தட்டிவிட்டு வெளியேறிவிடும். முழு ஆற்றல் உச்சத்தைக் காட்டும் சோடியம் அயோடைடு படிகத்தில் பழகிய கண்ணுக்குத்தான் இது குறையாகப் படும். மேடு சரியும் இடம் காம்ப்டன் விளிம்பு, அதாவது ஒரே மோதலில் காமா கதிர் ஓர் எலெக்ட்ரானுக்குத் தரக்கூடிய அதிகபட்ச ஆற்றல். சீசியத்துக்கு அது 477 கி.எ.வோ.

எந்தத் துடிப்பு எவ்வளவு ஆற்றல் என்று பொருத்தும் அளவுத்திருத்தத்துக்கு இந்த விளிம்பே போதும். ஆனால் மேட்டின் உச்சியையே 477 என்று குறித்துவிடாதீர்கள், பலர் சறுக்குவது இங்கேதான். பிரிதிறன் (நெருங்கிய ஆற்றல்களைப் பிரித்துக் காட்டும் திறன்) குறைவு என்பதால் விளிம்பு மழுங்கி, உச்சிக்கு வலப்பக்கச் சரிவில் ஒளிந்திருக்கும். எண்ணிக்கை உச்சியில் இருந்ததில் சுமார் 80 விழுக்காடாக இறங்கும் இடத்தை முதல் மதிப்பீடாகக் கொள்ளலாம். துல்லியம் வேண்டுமானால் கணினி உருவகத்தோடு ஒப்பிட்டாக வேண்டும்.

அடுத்து சோடியம்-22 வையுங்கள். அதன் விளிம்புகள் 341, 1062 கி.எ.வோ. மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் விழ வேண்டும். 1062 மட்டும் தாழ்ந்து நின்றால் குழாய் திணறுகிறது என்று பொருள்: ஸ்டில்பீனின் ஒளி சில நானோ நொடிகளில் முடிந்துவிடுவதால் அந்தக் கணத்து மின்னோட்டம் மிகப் பெரிது. உயர் மின்னழுத்தத்தைக் குறைத்து மறுபடி பாருங்கள்.

கேள்வி: கதிர்மூலத்தை எடுத்த பிறகும் எண்ணிக்கை எகிறுகிறது. மூலம் வைத்தால் வரும் துடிப்புகளோ சிறியவை. எங்கே கோளாறு?

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். அறை விளக்கை அணைத்ததும் எண்ணிக்கை விழுந்தால் ஒளிக்கசிவு; கறுப்பு நாடாவின் மடிப்புகளையும் குழாயின் அடிப்பகுதியையும் பாருங்கள். மின்னழுத்தத்தை அணைக்காமல் நாடாவைப் பிரிக்கவே கூடாது, குழாய் கெட்டுவிடும். அணைத்திருந்தாலும், வெளிச்சம் பட்ட குழாய் இருட்டில் அடங்கப் பல மணி நேரம் பிடிக்கும்.

துடிப்பு சிறுத்தால், படிகத்தையும் குழாயையும் இணைக்கும் சிலிக்கோன் கிரீஸில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று பாருங்கள். படிகத்தின்மேல் டெஃப்லான் நாடா சுற்றுமுன் மேல்முகம் வழியே நோக்கினால் வெள்ளிப் பொட்டுகளாய்த் தெரியும். ஒரு சிறு துளி கிரீஸ் வைத்து, படிகத்தை அழுத்தாமல் மெல்லத் திருகினால் குமிழிகள் ஓரத்துக்கு ஒதுங்கும். அசிட்டோன், டொலுவீன் எதையும் படிகத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், மேற்பரப்பைக் கரைத்துவிடும். திடீர் வெப்பமாற்றமும் ஆகாது, விரிசல் விழும்.

பின்னாளில் நியூட்ரான் அளக்கும் எண்ணம் இருந்தால், படிக அச்சின் திசையை உறைமேல் இப்போதே குறித்துவையுங்கள். நியூட்ரான் மோதி எழும் புரோட்டான் தரும் ஒளி, அச்சுக்கு எந்தக் கோணத்தில் அது ஓடுகிறது என்பதைப் பொறுத்து மாறும். படிகத்தைத் திருப்பிப் பொருத்தினால் நியூட்ரானுக்கான பழைய அளவுத்திருத்தம் செல்லாது.