ஆசிரியர் அறை: உலகச் செய்தியைச் சாயாமல் சுருக்க (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: 9-ம் வகுப்பு மாணவர்களை வாரம் ஓர் உலகச் செய்தியைச் சுருக்கி எழுதச் சொல்கிறேன். பாதிப் பேர் நாளிதழில் இருப்பதை அப்படியே எழுதுகிறார்கள். மீதிப் பேர் தலையங்கம் எழுதுகிறார்கள். ‘நடுநிலையாக எழுதுங்கள்’ என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது? – ஆசிரியை, தென்காசி

பதில்: ‘நடுநிலை’ என்ற சொல்லையே முதல் மாதம் வகுப்பில் எடுக்காதீர்கள். மாணவர் காதில் அது ‘மழுப்பி எழுது’ என்றுதான் விழும். ‘இதைச் சொன்னது யார்?’ என்ற ஒரு கேள்வியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

பழகுவதற்கு நடந்து முடிந்த செய்தியே நல்லது. இன்றைய போரைக் கொடுத்தால் வீட்டில் கேட்ட வாதம்தான் தாளில் வரும். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ‘எவர் கிவன்’ கப்பல் சிக்கிய செய்தியை எடுத்துக்கொள்ளலாம். சம்பவம் நடந்த ஓரிரு நாட்களில் வந்தது ஒன்று, கப்பல் மீட்கப்பட்ட பிறகு வந்தது ஒன்று என இரண்டு செய்திகள், ஒவ்வொன்றும் 250 முதல் 300 சொற்களுக்குள் போதும்.

முதல் வாசிப்பில் பேனா கையில் இருக்கக் கூடாது. இரண்டாம் வாசிப்பில் குறிப்புத்தாளை நான்கு பத்தியாகப் பிரித்து, என்ன, எங்கே, எப்போது, யார் சொன்னது என்று நிரப்பச் சொல்லுங்கள். பிறகு செய்தித்தாளை வாங்கி வைத்துவிடுங்கள். குறிப்பை மட்டும் பார்த்து 60 சொல்லில் எழுதட்டும். மூலம் கண்முன் இருக்கும்வரை காப்பியடிப்பது நிற்காது.

குறிப்புத்தாளின் நான்காம் பத்தியில், ‘யார் சொன்னது’ என்ற இடத்தில்தான் சிக்கல் வெளியே வரும். ‘காற்றில் கப்பல் சிக்கியது’ என்று பல மாணவர்கள் எழுதுவார்கள். காற்று காரணமாக இருக்கலாம் என்று சொன்னது கப்பலை இயக்கிய எவர்கிரீன் நிறுவனம். காற்று மட்டுமே காரணம் அல்ல என்று சொன்னது கால்வாய் ஆணையம். பெரும் இழப்பீடு பேசப்பட்ட விவகாரத்தில் இரு தரப்புக்கும் தத்தம் கணக்கு உண்டு. எனவே கப்பல் சிக்கியது என்பதை அப்படியே எழுதலாம், ஏன் சிக்கியது என்பதைச் சொன்னவர் பெயரோடுதான் எழுத வேண்டும்.

இன்னொரு சண்டையும் வரும்: அது எந்த நாட்டுக் கப்பல்? உரிமையாளர் ஜப்பான் நிறுவனம், இயக்கியது தைவான் நிறுவனம், கொடி பனாமா, மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள். ‘தைவான் கப்பல்’ என்றாலும் ‘ஜப்பான் கப்பல்’ என்றாலும் அரைகுறைதான். எந்த நாட்டுக்கு என்ன பங்கு என்று எழுதினால் சண்டை தீர்ந்தது.

மாதிரிக்கு ஒன்று, சரியாக 60 சொல்:

“தைவானின் எவர்கிரீன் நிறுவனம் இயக்கிய ‘எவர் கிவன்’ சரக்குக் கப்பல் 2021 மார்ச் 23-ல் எகிப்தின் சூயஸ் கால்வாயில் குறுக்காகத் தரைதட்டியது, மார்ச் 29-ல் மீட்கப்பட்டது. அதுவரை கால்வாய்ப் போக்குவரத்து தடைபட்டது. திடீர்ப் பலத்த காற்று காரணமாக இருக்கலாம் என எவர்கிரீன் கூறியது. காற்று மட்டுமே காரணம் அல்ல, தொழில்நுட்பக் கோளாறோ மனிதத் தவறோ இருக்கலாம் எனக் கால்வாய் ஆணையத் தலைவர் உசாமா ராபி கூறினார். முதலில் 91.6 கோடி டாலர் இழப்பீடு கேட்ட ஆணையம், உடன்பாட்டுக்குப் பின் ஜூலை 7-ல் கப்பலை விடுவித்தது.”

இதைப் பலகையில் எழுதி, ‘கூறினார்’ என்ற இடத்தில் ‘ஒப்புக்கொண்டார்’ என்று மாற்றிப் படிக்கச் சொல்லுங்கள். அடுத்து ‘மழுப்பினார்’, ‘ஆவேசமாகக் கூறினார்’. ஒரு வினை மாறியதும் ராபி குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுவதை மாணவர்களே பார்ப்பார்கள். ‘கூறப்படுகிறது’ என்று எழுதினால் நான்காம் பத்தி காலியாகிவிடும், அதற்கு மதிப்பெண் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ‘மீட்கப்பட்டதாம்’ வேண்டவே வேண்டாம். அந்த ‘ஆம்’ நம்பாமல் உதட்டைப் பிதுக்குவது.

கேள்வி: நிலநடுக்கச் செய்தியில் ஒவ்வொரு நாளிதழிலும் ஒவ்வோர் எண்ணிக்கை. எதை எழுதுவது? – பள்ளி மாணவர், நாமக்கல்

பதில்: எண்ணோடு தேதியையும் சொன்னவரையும் சேர்த்து எழுதுங்கள். 2023 பிப்ரவரி 6 அதிகாலை துருக்கியையும் சிரியாவையும் தாக்கிய நிலநடுக்கத்தில், முதல் சில மணி நேரத்தில் வந்த செய்திகள் உயிரிழப்பை நூற்றுக்கணக்கில்தான் சொன்னன. இறுதியில் துருக்கியில் மட்டும் 53,000-ஐத் தாண்டியது. முதல் நாள் நாளிதழ் பொய் சொல்லவில்லை, இடிபாடுகளைத் தோண்டத் தோண்ட எண்ணிக்கை ஏறியது. சிரியாவில் அரசு தன் பகுதிக்கும், மீட்புக் குழுக்கள் கிளர்ச்சியாளர் பகுதிக்கும் தனித்தனியே கணக்குத் தந்தன. இரண்டையும் கூட்டிய நாளிதழும் உண்டு, கூட்டாததும் உண்டு.

நிலநடுக்க அளவிலும் இப்படித்தான். அமெரிக்க புவியியல் ஆய்வு மையம் 7.8 என்றது, துருக்கியின் பேரிடர் மேலாண்மை அமைப்பு 7.7 என்றது. இரண்டின் சராசரியை எடுத்து 7.75 என்று எழுதாதீர்கள். அப்படியோர் அளவை யாரும் சொல்லவில்லை. ஒன்றை எடுத்து, சொன்னவர் பெயரைப் போடுங்கள்.

இரண்டு நாளிதழில் ஒரே எண் இருந்தால் அது உறுதியாகிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். செய்தியின் தலைப்பகுதியில் ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி, பிடிஐ என்று ஏதாவது செய்தி முகமையின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இரண்டிலும் ஒரே முகமை என்றால் உங்களிடம் இருப்பது ஒரே ஆதாரம்தான்.

கேள்வி: மில்லியன், பில்லியன், தேதி எல்லாவற்றிலும் என் மகள் தடுமாறுகிறாள். சுலப வழி உண்டா? – வாசகர், திருச்சி

பதில்: 1 மில்லியன் 10 லட்சம், 1 பில்லியன் 100 கோடி, 1 டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. இந்த மூன்றையும் நோட்டின் அட்டையில் எழுதி ஒட்டுங்கள். 916 மில்லியன் 91.6 கோடி, அதை 916 கோடி ஆக்குவதுதான் வழக்கமான பிழை. டாலரை ரூபாய்க்கு மாற்ற வேண்டாம். பழைய செய்திக்கு இன்றைய மதிப்பைப் போட்டால் கணக்கு தப்பும்.

தேதிக்கு, சம்பவம் நடந்த இடத்தின் நாளையே எழுதட்டும். பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் ஒசாமா பின்லேடன் கொல்லப்பட்டது அங்கே 2011 மே 2 அதிகாலை. அப்போது வாஷிங்டனில் மே 1. அமெரிக்க இதழ்களில் 5/1/2011 என்று பார்த்து ‘ஜனவரி 5’ என்று எழுதுவோரும் உண்டு. அவர்கள் மாதத்தை முன்னால் போடுவார்கள்.

கேள்வி: ரஷ்யா – உக்ரைன் போர் பற்றி எழுதச் சொன்னால் வகுப்பே இரண்டு கட்சியாகிறது. இரு தரப்புக்கும் சரிபாதி வரி கொடுத்தால் சரியாகிவிடுமா? – தமிழாசிரியர், மதுரை

பதில்: ஆகாது. வரியை எண்ணிப் பங்கு போடுவது பாகப்பிரிவினை, அது சுருக்கம் ஆகாது. யாரும் மறுக்காத தகவலை முதலில் வைத்து, தரப்புகளின் விளக்கத்தைப் பின்னால் வையுங்கள்.

2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் நடந்த வாக்கெடுப்பை வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். ரஷ்யா படைகளை விலக்க வேண்டும் என்ற தீர்மானத்துக்கு ஆதரவு 141, எதிர்ப்பு 5, வாக்களிப்பதைத் தவிர்த்தவை 35. இந்தியா அந்த 35-ல் ஒன்று. ஒரு மாணவர் ‘இந்தியா ரஷ்யாவை ஆதரித்தது’ என்று எழுதுவார், இன்னொருவர் ‘புறக்கணித்தது’ என்று எழுதுவார். முதலாவது தவறு, ஏனென்றால் எதிர்த்து வாக்களித்த ஐந்தில் இந்தியா இல்லை. இரண்டாவதும் சரியில்லை. இந்தியா அவையில் இருந்து, ‘தவிர்க்கிறேன்’ என்று பதிவு செய்தது. வாக்கெடுப்பிலேயே கலந்துகொள்ளாத நாடுகள் வேறு 12. நம் நாளிதழ்களும் இந்த இடத்தில் ‘புறக்கணிப்பு’ என்று தலைப்புப் போடுவது வழக்கம்தான். தலைப்பில் இடம் குறைவு என்று அவர்கள் சொல்லலாம், மாணவருக்கு அந்தச் சாக்கு இல்லை.

தமிழுக்கே உரிய இன்னொரு பொறியும் இருக்கிறது. பிடித்த தலைவர் ‘பேசினார்’, பிடிக்காதவர் ‘பேசினான்’. செலென்ஸ்கியோ புதினோ, கடைசி வரி வரை இருவருக்கும் ‘ஆர்’ விகுதிதான். அதேபோல ஒரு நாட்டுச் சிப்பாய் ‘வீரமரணம் அடைந்தார்’, மறு நாட்டுச் சிப்பாய் ‘கொல்லப்பட்டார்’ என்று எழுதக் கூடாது. இருவருக்கும் ஒரே வினை.

கேள்வி: 40 தாள்களை எப்படித் திருத்துவது? – ஆசிரியர், கடலூர்

பதில்: 10 மதிப்பெண்ணில் 4 தகவல் சரியா என்பதற்கு, 4 கருத்தும் காரணமும் சொன்னவர் பெயரோடு இருக்கிறதா என்பதற்கு, 2 சொல் எண்ணிக்கைக்கு. கையெழுத்துக்கும் நடைக்கும் எதுவும் வேண்டாம். தாளைப் பக்கத்து மாணவரிடம் மாற்றிக் கொடுத்து, சொன்னவர் பெயர் இல்லாத ஒவ்வொரு காரணத்தின் அடியிலும் கோடு போடச் சொல்லுங்கள். உங்களிடம் வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும். நாலைந்து வாரம் கழித்துச் செய்தியின் அளவை 600 சொல்லாக உயர்த்துங்கள், சுருக்கம் 60 சொல்லிலேயே நிற்கட்டும்.