ஆராய்ச்சியை விட்டுவிடும்படி நீட்சே சொன்னாரா?

கேள்வி: எனக்கு வயது 29. தமிழில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், இது நான்காவது வருடம். பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் தன் உரைகளில் காட்டும் மேற்கோள்கள்தான் தலைப்பு. எந்த நூலின் எந்த அடியை எங்கே எடுத்தாள்கிறார் என்று அட்டை அட்டையாக எழுதி மூன்று செருப்புப் பெட்டிகள் நிரம்பிவிட்டன. முல்லைப்பாட்டில் எங்கோ கிடக்கும் ஓர் அடியைத் தூக்கிக்கொண்டு வந்து இன்னோர் அடியோடு அவர் முடிச்சுப் போடுவதை முதன்முதலில் பார்த்தபோது, ‘இந்த மனுஷருக்கு என்ன துணிச்சல்!’ என்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்படிச் சிரித்தவளை இப்போது காணோம். எண்ணிக்கை மட்டும்தான் மிச்சம். நெறியாளர், ‘சீக்கிரம் எழுதி முடிம்மா’ என்கிறார். வீட்டில் கல்யாணப் பேச்சு. இந்த நேரத்தில் தோழி ஒருத்தி ஜெர்மன் தத்துவஞானி நீட்சேயின் வரி ஒன்றை அனுப்பினாள்: ‘நீயாக இரு! நீ இப்போது செய்வதும் நினைப்பதும் விரும்புவதும் நீ அல்ல.’ படித்ததும் அழுதுவிட்டேன். அவரும் பேராசிரியர் வேலையை உதறிவிட்டுப் போனவர்தானாமே? நானும் விட்டுவிடலாமா?

– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

அந்த வரி நீட்சேயுடையதுதான். தனக்கு முந்திய ஜெர்மன் தத்துவஞானி ஷோப்பன்ஹவரைப் பற்றி, ‘ஆசானாக ஷோப்பன்ஹவர்’ என்று 1874-ல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரையின் தொடக்கத்தில் வருகிறது. அந்த அக்டோபரில் அவருக்கு 30 வயது நிறைந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் கிரேக்க இலக்கியம் நடத்திக்கொண்டிருந்தார். ஏறக்குறைய உங்கள் வயதில், உங்கள் வேலை போன்ற ஒன்றில் இருந்துகொண்டுதான் அதை எழுதினார். வேலையை விட்ட பிறகு எழுதியதல்ல. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றை வரியைப் பிய்த்து எடுத்தால் அது கட்டளை மாதிரிதான் கேட்கும். கூடவே இருக்கும் பக்கங்களைப் படித்தால் தொனி மாறிவிடும். ‘நீயாக இரு’ என்று சொன்ன கையோடு அடுத்த கேள்வியையும் அவரே கேட்கிறார்: சரி, அந்த ‘நான்’ எங்கே இருக்கிறது? முயலுக்கு ஏழு தோல் என்றால், மனிதன் ஏழெழுபது தடவை தோலை உரித்துப் போட்டாலும் ‘இதுதான் அசல் நான், இதற்குமேல் உரிக்க ஒன்றுமில்லை’ என்று சொல்ல முடியாது என்கிறார். தனக்குள்ளேயே குழி வெட்டி இறங்குவது ஆபத்து, அதில் படும் காயத்தை எந்த வைத்தியராலும் ஆற்ற முடியாமல் போகலாம் என்றும் எச்சரிக்கிறார்.

அதற்குப் பதிலாக அவர் காட்டும் வழி எளிமையானது. திரும்பிப் பார். இதுவரை நீ உண்மையாக எதை நேசித்தாய்? எது உன்னை மேலே இழுத்தது? எது உன்னை ஆட்டிப்படைத்து, அதே நேரத்தில் நிறைவையும் கொடுத்தது? அவற்றை வரிசையாக எதிரே வை. ஒன்று இன்னொன்றை எப்படி வளர்க்கிறது, எப்படித் தாண்டிப் போகிறது என்று கவனி. அவை ஏணிப்படிகள். உன் அசல் இயல்பு உனக்குள் ஆழத்தில் புதைந்து கிடக்கவில்லை, உன் தலைக்கு மேலே வெகு உயரத்தில் இருக்கிறது. நீ இன்றைக்கு ‘நான்’ என்று நினைத்துக்கொண்டிருப்பதற்கும் மேலே.

நீட்சே எழுதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. உன்னைக் கண்டுபிடி என்று சொல்கிறவர்கள் எல்லாரும் கண்ணை மூடி உள்ளே பார் என்பார்கள். இவர் கண்ணைத் திறந்து, நேசித்ததைப் பார் என்கிறார்.

அவருடைய ஏணியில் ஒரு படியை எடுத்துக்கொள்வோம். 1865, இலையுதிர்காலம், லைப்சிக் நகரம். நீட்சேக்கு 21 வயது. பான் பல்கலைக்கழகத்துக்கு இறையியலும் சேர்த்துப் படிக்கப் போனவர், அம்மாவின் மனவருத்தத்தையும் மீறி அதை நிறுத்திவிட்டு, கிரேக்க, லத்தீன் மொழி ஆராய்ச்சியே போதும் என்று லைப்சிக் வந்திருக்கிறார். குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் பழைய புத்தக வியாபாரி. அந்தக் கடையில் ஷோப்பன்ஹவரின் தடித்த புத்தகம் ஒன்று கையில் தட்டுப்படுகிறது. அவசரப்பட்டுப் புத்தகம் வாங்கும் வழக்கமே அவருக்கு இல்லை. ‘இதை வீட்டுக்கு எடுத்துப் போ’ என்று ஏதோ ஒரு பேய் காதில் சொன்ன மாதிரி இருந்தது என்று பின்னால் எழுதிவைத்திருக்கிறார். அறைக்குப் போய் சோபாவின் மூலையில் விழுந்து படிக்க ஆரம்பித்தார். இரண்டு வாரம் ராத்திரி 2 மணிக்குப் படுத்துக் காலை 6 மணிக்கு எழும்படி தன்னைக் கட்டாயப்படுத்திக்கொண்டாராம். ஷோப்பன்ஹவர் 1860-லேயே இறந்துவிட்டார். முகம் பார்க்காத ஆசான்.

பிற்பாடு அந்த ஆசானின் தத்துவத்திலிருந்தும் நீட்சே விலகிவிட்டார். ஆனாலும் ஆசான் என்ற இடம் மாறவில்லை. உன்னை மூடியிருக்கும் களையையும் குப்பையையும் அகற்றி உன்னை விடுவிப்பவர்தான் உண்மையான ஆசிரியர் என்பது அந்தக் கட்டுரையின் உயிர்நாடி. உங்களுக்கும் முகம் பார்க்காத ஆசான் ஒருவர் இருக்கிறார் என்று நினைக்கிறேன். கடைசியில் அவரிடம் வருகிறேன்.

அதற்கு முன் உங்கள் செருப்புப் பெட்டிகளைப் பற்றிப் பேச வேண்டும். நீட்சே மாணவராக இருந்தபோது என்ன ஆராய்ச்சி செய்தார் தெரியுமா? பழங்கால கிரேக்கத் தத்துவஞானிகளின் வாழ்க்கையைத் தொகுத்து எழுதிய தியோகனீஸ் லேயர்ட்டியஸ் எந்தெந்தப் பழைய நூல்களிலிருந்து எதை எதை எடுத்தார் என்று துருவும் வேலை. கிட்டத்தட்ட உங்கள் தலைப்பேதான். 1867-ல் லைப்சிக் பல்கலைக்கழகம் அதற்குப் பரிசு கொடுத்தது. அந்தக் கட்டுரைக்கு முகப்பு வாசகமாக அவர் தேர்ந்தெடுத்தது கிரேக்கக் கவி பிண்டாரின் ஓர் அடி: நீ யாரோ அதுவாகவே ஆகு. உங்களை அழவைத்த வரியின் விதை, மேற்கோள்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த ஒரு மாணவனின் கட்டுரைக்கு மேலேதான் முதலில் உட்கார்ந்திருந்தது. இந்தத் தகவலை முதன்முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன்.

அதோடு நிற்கவில்லை. ஆசிரியர் ரிட்ஷல் கேட்டுக்கொண்டதால், ஓர் ஆய்விதழின் 24 தொகுதிகளுக்குச் சொல்லடைவும் தயாரித்துக் கொடுத்தார். அந்த ரிட்ஷலின் சிபாரிசில்தான் 1869-ல், 24 வயதில், முனைவர் பட்டம்கூட முடியாத நிலையில், பாசலில் பேராசிரியர் பதவி கிடைத்தது. லைப்சிக் பரீட்சை இல்லாமலே பட்டத்தைக் கொடுத்து அனுப்பிவைத்தது.

வேலையை உதறினாரா என்று கேட்டீர்கள். பத்து வருடம் பாசலில் பாடம் நடத்தினார், பள்ளி மாணவர்களுக்கும் சேர்த்து. 1872-ல் வந்த முதல் புத்தகத்தை மொழியறிஞர்கள் கடுமையாகத் தாக்க, அடுத்த பருவத்தில் அவர் வகுப்புக்கு வந்தவர்கள் இரண்டே பேர். அப்போதும் விடவில்லை. 1879-ல் விட்டதற்குக் காரணம் உடம்பு. தாங்க முடியாத தலைவலி, வாந்தி, மங்கிக்கொண்டே வந்த கண். பாசல் அவருக்கு ஆண்டுக்கு 3,000 பிராங்க் ஓய்வூதியம் ஏற்பாடு செய்தது. அதை வைத்துத்தான் சில்ஸ் மரியாவிலும் இத்தாலிய ஊர்களிலும் வாடகை அறைகளில் தங்கி எழுதினார். உங்களுக்கு அப்படி ஓய்வூதியம் எதுவும் காத்திருக்கவில்லை அல்லவா? ‘அவரும் விட்டார், நானும் விடுகிறேன்’ என்ற கணக்கு அதனால்தான் சரிவராது.

ஆனால் உங்கள் மனவலியை அவர் புரிந்துகொண்டிருப்பார். அவரைவிடக் கூர்மையாக இதைச் சொன்னவர் குறைவு. 1872 ஜனவரியிலிருந்து மார்ச் வரை, பாசலில் கல்வி நிறுவனங்களின் எதிர்காலம் பற்றி ஐந்து பொதுச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். ஒரே துறையின் ஒரே மூலையில் ஆயுளைக் கழிக்கும் அறிஞரை, வாழ்நாள் முழுக்க ஒரு கருவிக்கான ஒரே திருகாணியையோ கைப்பிடியையோ செய்துகொண்டிருக்கும் ஆலைத் தொழிலாளியோடு அதில் ஒப்பிட்டார். அந்தத் திருகாணியில் அவனுக்கு அபாரமான கைத்திறன் இருக்கும், மற்றபடி எதுவும் இருக்காது. 1874 கட்டுரையில் அறிஞரின் மனதையே பிரித்துப் போட்டுப் பார்க்கிறார்: பக்கத்தில் இருப்பதில் கூர்மை, தூரத்தில் இருப்பதில் குருட்டுத்தனம், சலிப்புக்குப் பயந்து ஓடுவது, சோற்றுக்காகச் செய்வது, சக அறிஞர் என்ன சொல்வாரோ என்ற அச்சம். இந்தப் பட்டியலைப் படித்தால் வலிக்கும். படிக்கத்தான் வேண்டும். உங்களிடம் இவற்றில் எது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால், கோபம் ஆராய்ச்சி மேலா, அதைச் செய்யும் விதத்தின் மேலா என்பது தெரிந்துவிடும்.

அதே சொற்பொழிவுகளில் இன்னொன்றும் சொன்னார், யாரும் இதை அனுப்ப மாட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் ‘உன் சொந்தக் கருத்தை எழுது’ என்று கட்டுரை கேட்பதை அவர் வெறுத்தார். மொழியையே இன்னும் கற்காதவனிடம் தனித்துவத்தைக் கேட்பது அவனைக் கெடுப்பதாகும் என்றார். கட்டுப்பாடும் பணிவும்தான் கல்வியின் தொடக்கம் என்றார். ‘நீயாக இரு’ என்றவரும் இவரேதான். இரண்டும் முரண் இல்லை. நீச்சல் பழகாதவன் ஆற்றில் தன் போக்கில் போக முடியாது அல்லவா?

நீட்சே சொன்னதையெல்லாம் நான் ஏற்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உயர்ந்த கல்வி வெகு சிலருக்கே உரியது, பரவப் பரவ அது நீர்த்துப்போகும் என்று அவர் உறுதியாக நம்பினார். அது தவறு. எல்லாருக்கும் கதவு திறந்ததால்தான் உங்களைப் போன்ற பெண்களும் என்னைப் போன்றவர்களும் நூலகத்துக்குள் வந்தோம். இதிலும் ஒரு விஷயம் உண்டு. பெண்களை முனைவர் பட்டத்துக்கு அனுமதிக்கலாமா என்று 1874-ல் பாசலில் வாக்கெடுப்பு நடந்தபோது, அனுமதிக்கலாம் என்று வாக்களித்த சிறுபான்மையினரில் நீட்சேயும் ஒருவர். தீர்மானம் தோற்றது. பிற்காலத்தில் பெண்களைப் பற்றி அவர் எழுதியவை எனக்குக் கசக்கின்றன, ஆனாலும் அந்த ஒரு வாக்கை நான் மறக்கத் தயாரில்லை.

1888-ல், மனம் சிதைவதற்குச் சில மாதங்கள் முன்பு, தன் வாழ்க்கையைத் தானே திரும்பிப் பார்த்து எழுதினார். மொழி ஆராய்ச்சியில் போன வருடங்கள் தன்னைப் பட்டினி போட்டன என்று மனம் நொந்து சொல்கிறார். அதே நூலில், ‘நான் சில காலம் அறிஞனாகவும் இருந்தே ஆக வேண்டியிருந்தது’ என்றும் சொல்கிறார். தான் ஆக வேண்டியதாக ஆவதற்குச் சுற்றுவழிகளும் தேவைப்பட்டன என்கிறார். இரண்டையும் ஒரே மனிதர் ஒரே நூலில் சொன்னார், இரண்டுமே உண்மை.

இப்போது உங்கள் விஷயம். ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில், சின்ன வயதிலிருந்து நீங்கள் உண்மையாக நேசித்தவற்றை வரிசையாக எழுதுங்கள். ஆறேழு போதும். மதிப்பெண், பரிசு, பிறர் பாராட்டியது எதுவும் வேண்டாம். எனக்கு 36 வயதில் ஒரு பெரிய குழப்பம் வந்தபோது இதைச் செய்தேன். என் பட்டியலில் முக்கால்வாசி, யாரோ எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டிய விஷயங்கள். அதைப் பார்த்த பிறகுதான், வாசகர் கடிதங்களை நான் ஏன் எப்போதும் சத்தமாகப் படிக்கிறேன் என்பது எனக்கே புரிந்தது.

உங்கள் பட்டியலின் ஒரு வரியை நானே சொல்லிவிட முடியும். உங்கள் கடிதம் முழுவதும் களைப்பு. ஒரே ஒரு வாக்கியத்தில் மட்டும் உயிர் துள்ளுகிறது: ‘இந்த மனுஷருக்கு என்ன துணிச்சல்!’ நச்சினார்க்கினியர் எத்தனை மேற்கோள் காட்டினார் என்பதைவிட, அடிகளைப் பெயர்த்து மாட்டி அவர் எப்படிப் படித்தார் என்பதுதான் உங்களைப் பிடித்திருக்கிறது. மூன்று பெட்டி அட்டைகளும் அந்தக் கேள்விக்குச் சான்றுகளாக மாறலாம். நெறியாளரிடம் போய், ‘விடப் போகிறேன்’ என்று தொடங்காமல், ‘மாட்டு பற்றி, அதாவது எங்கெங்கோ கிடக்கும் அடிகளை இணைத்துப் பொருள் கொள்ளும் அவர் முறை பற்றி, ஓர் இயல் எழுதட்டுமா?’ என்று கேளுங்கள். நான்கு வருட மாணவி ஆசையோடு ஒன்றைக் கேட்டால் காது கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பட்டியல் முழுக்க வேறு எங்கேயோ கை காட்டினால், குற்ற உணர்ச்சி இல்லாமல் வெளியே வாருங்கள், நான் உங்கள் பக்கம். கல்யாணம் தனிக் கேள்வி, ஆராய்ச்சியிலிருந்து தப்பிக்கும் வாசலாக மட்டும் அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மொழி ஆராய்ச்சி என்பது மெதுவாகப் படிக்கும் கலை, பொற்கொல்லரின் கைவேலை மாதிரி என்று பதவியை விட்டு ஏழு வருடம் கழித்து, 1886-ல் எழுதிய ஒரு முன்னுரையில் நீட்சே சொன்னார். நான்காவது பெட்டியை இப்போதைக்குத் தொடங்க வேண்டாம். முல்லைப்பாட்டு மொத்தம் 103 அடிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், உரையை மூடிவைத்துவிட்டு, பாட்டை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். அப்புறம் உரையைத் திறந்து, அவர் முதலில் எந்த அடியைத் தூக்குகிறார் என்று பாருங்கள்.